மனக்காயத்துக்கும் ஒரு சாட்சி



முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கங்களில் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கேட்காவிட்டாலும் போட்டிருக்க மாட்டேன். கணவர் இங்கிலாந்தில் அகதித் தஞ்சம் கோரிச் சில வருடங்களாகின்றன. முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுவிட்டது. மேன்முறையீட்டுக்காக, மனநல வைத்தியர் ஒருவரிடம் போய் அறிக்கை எடுக்க வேண்டும் என்று அவரது சட்டத்தரணி சொல்லியிருக்கிறார். கணவருக்கோ ஆத்திரம். "என்னைப் பைத்தியம் என்று எழுதி வைக்கப் பாக்கிறாங்க" என்று தொலைபேசியில் சத்தம் போட்டிருக்கிறார். மாமியாருக்கு வேறொரு கவலை. வீட்டில் ஒரு குமர் இருக்கிறாள். நாளைக்கு நிக்காஹ் பேசி வருகிறவர்களின் காதுக்கு இது போனால் என்னாவது?

இதற்கிடையில் சட்டத்தரணி, மனைவியும் ஒரு கடிதம் அனுப்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கணவர் இங்கே இருந்தபோது எப்படி இருந்தார், இப்போது தொலைபேசியில் எப்படிப் பேசுகிறார் என்பதை எழுத வேண்டுமாம். புத்தளத்தில் இருக்கும் உறவினர் ஒருவர், "கொஞ்சம் கூட்டி எழுதுங்க, அப்பதான் எடுபடும்" என்று ஆலோசனையும் சொல்லிவிட்டார். சகோதரி தூக்கமில்லாமல் இருக்கிறார். இப்படி அறிக்கை எடுப்பது வெட்கமா, பொய்ச்சான்று எடுப்பதாகிவிடுமா, நான் என்ன எழுதலாம் என்று கேட்கிறார்.

கணவருக்கு நடந்தவற்றையும் எழுதியிருக்கிறார். அது அமானிதம். இந்தப் பக்கத்தில் வராது. கேள்விகளுக்கு மட்டும் வருவோம், ஏனென்றால் இது ஒரு வீட்டுப் பிரச்சினையல்ல. 1990 ஒக்டோபரில் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் என்று ஊர் ஊராக வெளியேற்றப்பட்ட நம் சனம் புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறையை வளர்த்தது. போருக்குப் பின் சிலர் திரும்பினர், சிலர் திரும்பவில்லை. பக்கத்து வீட்டுத் தமிழ்ச் சகோதரிகளோ 2009இல் முள்ளிவாய்க்காலிலிருந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் வரை போனவர்கள். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய மூன்று மாவட்டங்களிலும், இலண்டனிலோ டொரன்டோவிலோ பாரீஸிலோ ஒரு கோப்பு திறந்து கிடக்கும் வீடுகள் எத்தனையோ.

முதலில் வெட்கத்தைப் பார்ப்போம். யஃகூப் (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துக்கத்தில் கண் வெளுத்துப் போனார்கள் என்று சூரா யூஸுப் சொல்கிறது. அவர்கள் நபி. ஈமானில் குறைந்தவர்களா? மனத்தில் விழுந்த அடி உடலில் தெரிந்தது, அல்லாஹ் அதை மறைக்காமல் நமக்குச் சொல்லிக் காட்டினான். யாழ்ப்பாணத்து மனநல வைத்தியர்கள் இதற்கு "மனவடு" என்று அழகாக ஒரு பெயர் வைத்தார்கள். வடு என்றால் தழும்பு. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரில் சிக்கிய வடக்கு மக்களின் மனநிலை பற்றி 1998இல் ஒரு நூலே எழுதினார். 2010இல் வன்னி மக்களைப் பற்றித் தனியாக ஓர் ஆய்வுக் கட்டுரையும் எழுதினார். தனி மனிதருக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கும் ஊருக்கும் சேர்த்தே காயம் பட்டிருக்கிறது என்பது அவர் சொன்ன விஷயம். காலில் ஷெல் துண்டு பட்டவரை நாம் பைத்தியம் என்பதில்லை. மனத்தில் பட்டவரை மட்டும் ஏன் அப்படிச் சொல்ல வேண்டும்?

குமருடைய நிக்காஹ் பற்றி மாமியாரம்மா பயப்படுவது நியாயம்தான். நம் ஊர் வாயை நானும் அறிவேன். ஆனால் இந்த அறிக்கை நோட்டீஸ் பலகையில் ஒட்டப்படுவதில்லை. சட்டத்தரணி, குடிவரவு அதிகாரி, நீதிமன்றம் என்ற வட்டத்துக்குள் இருப்பது. இங்கிலாந்தில் தஞ்ச வழக்குத் தீர்ப்புகள் வெளியாகும்போது பெரும்பாலும் பெயருக்குப் பதில் ஆங்கில எழுத்துகளைத்தான் போடுகிறார்கள். ஊருக்குச் செய்தி போவதென்றால் அது நம் வீட்டுத் தொலைபேசி வழியாகத்தான் போகும்.

அடுத்து, இது பொய்ச்சான்றா என்ற கேள்வி. வைத்தியர் என்ன செய்கிறார் என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். மனநல வைத்தியரோ உளவியலாளரோ, மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு சில மணி நேரம், தேவைப்பட்டால் ஒன்றுக்கு மேற்பட்ட நாள், அவரோடு உட்கார்ந்து பேசுவார். சிறு வயது, குடும்பம், படிப்பு, நடந்த சம்பவங்கள், தூக்கம், கனவு, பசி, கவனம், கோபம் எல்லாம் கேட்பார். கேட்பதோடு பார்த்துக்கொண்டும் இருப்பார். எந்த இடத்தில் குரல் அடைக்கிறது, எந்தச் சத்தத்துக்குத் திடுக்கிடுகிறார், எதைச் சொல்லாமல் தாவிப் போகிறார் என்று கவனிப்பார். அவர் முன்பு அதிகாரிகளிடம் கொடுத்த வாக்குமூலத்தையும் பழைய வைத்தியக் குறிப்புகளையும் வாசிப்பார். வேறு காரணத்தால் இந்த நோய் வந்திருக்குமா என்று யோசிப்பார். நடிக்கிறாரா என்றும் யோசிப்பார்; அது அவருடைய வேலை. கூலியை யார் கொடுத்தாலும் வைத்தியரின் கடமை நீதிமன்றத்துக்குத்தான் என்பது அங்குள்ள விதி. "இவர் சொல்வது உண்மை" என்று தீர்ப்புச் சொல்ல அவருக்கு அதிகாரமில்லை. "இவர் சொல்லும் சம்பவத்துக்கும் நான் காணும் காயத்துக்கும் இந்த அளவு பொருத்தம் இருக்கிறது" என்பதுதான் அவர் சொல்வது.

அந்த அளவுக்கும் ஒரு கோல் உண்டு. சித்திரவதைக்கு ஆளானவர்களை எப்படிப் பரிசோதிப்பது என்று பல நாட்டு வைத்தியர்களும் சட்ட அறிஞர்களும் கூடி எழுதிய வழிகாட்டி 1999இல் ஐக்கிய நாடுகள் சபையிடம் கொடுக்கப்பட்டது. 2022இல் திருத்தி வெளியிட்டார்கள். இஸ்தான்புல் நெறிமுறை என்று பெயர். அதில் ஐந்து படிகள் உண்டு. பொருந்தவில்லை, பொருந்தக்கூடும், மிகவும் பொருந்துகிறது, இத்தகைய கொடுமையில் வழக்கமாகக் காண்பது, வேறெதனாலும் வந்திருக்க முடியாது. வைத்தியர் இதில் ஒரு படியில் நின்று கையொப்பமிடுகிறார். இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? நம் ஃபிக்ஹிலும் இது புதிதல்ல. தண்ணீர் பட்டால் நோய் கூடும் என்று நம்பகமான வைத்தியர் சொன்னால் தயம்மும் செய்கிறோம், நோன்பை விடுகிறோம். துறை தெரிந்தவரின் சொல்லுக்கு மார்க்கம் இடம் வைத்திருக்கிறது.

மூஸா (அலை) அவர்கள் ஓர் உயிர் போன பின் மிஸ்ரை விட்டுப் பயந்து, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வெளியேறியதும், மத்யனில் ஒரு பெரியவரிடம் தம் கதையைச் சொல்லி அபயம் பெற்றதும் சூரா கஸஸில் வருகிறது. பிறகு பிர்அவ்னிடம் போகச் சொன்னபோது அவர்கள் கேட்டது என்ன? என் நாவைவிட ஹாரூனின் நாவு தெளிவானது, என் சொல்லை உண்மைப்படுத்தும் துணையாக அவரை அனுப்பு என்றார்கள். நபிக்கே, அதுவும் சத்தியத்தைச் சொல்லப் போகும்போது, பக்கத்தில் ஒருவர் தேவைப்பட்டார். அதிகாரியின் மேசைக்கு முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைக்கு ஒரு ஹாரூன் வேண்டியிருப்பதில் என்ன குறை?

ஏன் வேண்டியிருக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான விண்ணப்பங்கள் எதனால் அடிபடுகின்றன தெரியுமா? முரண்பாடு. விமான நிலையத்தில் இறங்கிய களைப்பில் கொடுத்த வாக்குமூலத்தில் மூன்று நாள் அடைத்து வைத்தார்கள் என்று சொல்லியிருப்பார். ஒரு வருடம் கழித்து ஐந்து நாள் என்பார். முதலில் இரண்டு பேர் அடித்தார்கள்; பிறகு நான்கு பேர். அதிகாரி இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து, "நீர் சொல்வது நம்பத்தக்கதல்ல" என்று எழுதிவிடுகிறார்.

இங்கே நம் உலமாக்கள் ஆயிரம் வருடங்களுக்கு முன்பே பிரித்து வைத்த ஒரு விஷயத்தை நினைவூட்ட விரும்புகிறேன். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளரை இரண்டு தராசுகளில் நிறுப்பார்கள். ஒன்று அதாலத், அதாவது நேர்மை. மற்றது ளப்த், அதாவது கேட்டதைச் சிதறாமல் வைத்திருந்து சொல்லும் நினைவுத் திறன். இரண்டும் வேறு வேறு. ஒருவர் பொய்யே பேசாத ஸாலிஹான மனிதராக இருப்பார், நினைவு கலங்கியிருக்கும். எகிப்தின் காழியாக இருந்த அப்துல்லாஹ் இப்னு லஹீஆ அவர்களின் நூல்கள் தீயில் எரிந்தன, அதன்பின் அவர்களின் அறிவிப்புகளில் தடுமாற்றம் வந்தது என்று முஹத்திஸ்கள் எழுதினார்கள். இக்திலாத், கலங்கிப்போனார் என்றார்கள். பொய்யர் என்று சொல்லவில்லை. எதற்கு முன், எதற்குப் பின் என்று தேதி பார்த்துப் பிரித்தார்கள். நூல் எரிந்தவருக்கே இந்த நிலை என்றால், வீடு எரிந்தவருக்கு, கண்முன்னால் சகோதரன் விழுந்ததைப் பார்த்தவருக்கு என்னவாகும்?

குடிவரவு அதிகாரிகள் இந்த இரண்டு தராசையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். கணக்குத் தப்பினால் ஆளே பொய்யர். நல்ல மனநல அறிக்கை ஒன்று செய்யும் வேலை அவற்றைத் திரும்பப் பிரித்துக் கொடுப்பது. பயங்கரத்தின் நடுவில் மனம் நிகழ்ச்சிகளை வரிசையாக எழுதி வைப்பதில்லை. ஒரு பூட்ஸ் சத்தமும் டீசல் வாசனையும் இருபது வருடம் நிற்கும், நாளும் கிழமையும் நிற்காது. கேட்கும்போது ஒரு துண்டு வரும், பயம் குறைந்த பிறகு இன்னொரு துண்டு வரும். இதை வைத்தியர் எழுதினால் நீதிபதிக்கு விளங்கும். நாம் சொன்னால் சாக்குப்போக்காகத் தெரியும்.

நம்மவர் வழக்கொன்று உலகத்துக்கே முன்மாதிரியாக இருக்கிறது. ஜெயகண்ணன் கந்தசாமி என்பவர் நம் வடக்கைச் சேர்ந்த தமிழ் இளைஞர். 17 வயதில், 2010 ஏப்ரலில் கனடா போய்ச் சேர்ந்தார். அகதிக் கோரிக்கை 2011இல் நிராகரிக்கப்பட்டது. மனிதாபிமான அடிப்படையில் தங்க அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். உளவியலாளர் ஒருவர் பரிசோதித்து, நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோய் இருக்கிறது, திருப்பி அனுப்பினால் நிலை இன்னும் கெடும் என்று அறிக்கை கொடுத்தார். அதிகாரி நோயை மறுக்கவில்லை. ஆனால் சிகிச்சை எடுத்ததற்கு ஆதாரம் எங்கே, இலங்கையில் சிகிச்சை கிடைக்காது என்பதற்கு ஆதாரம் எங்கே என்றார். உளவியலாளர் சம்பவங்களைக் கண்ணால் காணாதவர், அவர் சொல்லக் கேட்டுத்தானே எழுதினார் என்றும் ஒதுக்கினார்.

வழக்கு கனேடிய உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015 டிசம்பர் 10ஆம் திகதி தீர்ப்பு வந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் றொசாலி அபெல்லா என்ற பெண்மணி. நோயை ஏற்றுக்கொண்ட பிறகு மேலும் மேலும் ஆதாரம் கேட்பதில் அர்த்தமில்லை, திருப்பி அனுப்பினால் மனநிலை கெடும் என்பதே கவனிக்க வேண்டிய விஷயம், இங்கே சிகிச்சை இருக்கிறதா இல்லையா என்பது அதை இல்லாமலாக்காது என்றார். நோயாளி சொல்லக் கேட்டுத்தான் உளவியலாளர் எழுத முடியும், அதற்காக அறிக்கையை ஒதுக்கக் கூடாது என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு. இரண்டு நீதியரசர்கள் மாறுபட்டார்கள். ஆயினும் பெரும்பான்மையால் வென்றார், விண்ணப்பத்தைத் திரும்பப் பரிசீலிக்க அனுப்பினார்கள்.

இங்கிலாந்தில் இன்னொரு வழக்கு. பெயர் வெளியிடப்படவில்லை, கே.வி. என்ற எழுத்துகள்தான். அதுவும் இலங்கைத் தமிழர் ஒருவருடையது. சூடாக்கிய இரும்புக் கம்பியால் சுட்டார்கள் என்றார். முதுகிலும் கையிலும் தழும்புகள். பரிசோதித்த வைத்தியர் ஒரு நுட்பத்தைக் கண்டார். கையில் இருந்தவற்றின் ஓரம் கலைந்திருந்தது, முதுகில் இருந்தவற்றின் ஓரம் தெளிவாக இருந்தது. கையில் சுட்டபோது வேதனையில் அசைந்திருக்கிறார், முதுகில் சுட்டபோது மயக்கத்தில் அசையாமல் இருந்திருக்கிறார். அவர் சொன்ன கதையும் அதுதான். ஆனால் கீழ் நீதிமன்றம், தஞ்சம் கிடைப்பதற்காக இவரே யாரையோ வைத்துச் சூடு போட்டுக்கொண்டிருக்கலாம் என்று தள்ளிவிட்டது. மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோல்வி. 2019 மார்ச் 6ஆம் திகதி பிரித்தானிய உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டியது. மயக்க மருந்து கொடுத்துத் தன்னை இப்படிச் சுட்டுக்கொள்ள ஒருவர் துணிவது லேசான காரியமா என்று நீதியரசர் வில்ஸன் பிரபு கேட்டார். காயத்தை மட்டும் பார்க்காமல் அது உண்டான விதத்துக்கும் அவர் சொன்ன கதைக்கும் உள்ள பொருத்தத்தை வைத்தியர் சொல்வது சரியே என்றும், அந்தக் கருத்துக்கு நீதிமன்றம் மதிப்புக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லி, வழக்கைத் திரும்ப விசாரிக்க அனுப்பினார்கள். உடற்காயத்துக்கே இத்தனை சந்தேகம் என்றால், கண்ணுக்குத் தெரியாத காயம் உள்ளவருக்கு நல்ல சாட்சி எவ்வளவு தேவை என்று யோசியுங்கள்.

நேரமும் முக்கியம். முதலில் ஆள் பொய்யர் என்று முடிவுகட்டிவிட்டு, பிறகு வைத்திய அறிக்கையைப் புரட்டிப் பார்க்கக் கூடாது, எல்லாவற்றையும் சேர்த்தே நிறுக்க வேண்டும் என்று கொங்கோ நாட்டவர் ஒருவரின் வழக்கில் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் 2005இல் சொல்லிவிட்டது. ஆனாலும் அறிக்கை பிந்தினால் சந்தேகம் முந்திக்கொள்ளும். ஆகவே சகோதரி, கணவரைக் கோபம் தணியப் பேசி அனுப்பிவையுங்கள். இலண்டனில் சித்திரவதைக்கு ஆளானவர்களுக்காகவே இயங்கும் ஹெலன் பாம்பர் பவுண்டேஷன், பிரீடம் ஃபுரொம் டோர்ச்சர் போன்ற நிறுவனங்களின் பெயர் சட்டத்தரணிக்குத் தெரிந்திருக்கும்; கேட்கச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் வேறொரு வகையும் இருக்கிறது. அங்கே சிலவகை விண்ணப்பங்களில், வெளியேற்றப்பட இருப்பவரை விட்டுவிட்டு, பிரஜையாக இருக்கும் அவர் மனைவியை அல்லது பெற்றோரைப் பரிசோதிப்பார்கள். இவர் போய்விட்டால் அவர்களுக்கு எவ்வளவு கடுமையான கஷ்டம் வரும் என்று உளவியலாளர் எழுதுவார். பெண்ணுடைய கண்ணீருக்கும் ஒரு கோப்பு உண்டு என்பது சிலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

மொழிபெயர்ப்பு பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியாது. "எனக்கு ஒரே யோசினை" என்று நம்மவர் சொல்வார். தமிழ்நாட்டுத் தமிழோ ஏட்டுத் தமிழோ பேசும் மொழிபெயர்ப்பாளர் அதை "சிந்திக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டால் வைத்தியருக்கு என்ன விளங்கும்? நம் ஊரில் யோசினை என்றால் மனத்தை அரிக்கும் கவலை, சோறு இறங்காத கவலை. "நெஞ்சு அடைக்குது" என்றால் இருதய நோய் என்று எழுதிவிடுவார்கள். "தலைக்குள்ள இரையுது", "மனசு விட்டுப்போச்சு", இப்படி எத்தனையோ. விளங்கவில்லை என்று கண்டால் தயங்காமல் திருத்தச் சொல்ல வேண்டும், இலங்கைத் தமிழ் பேசும் ஆளைக் கேட்க உரிமை உண்டு. ஆனால் சிலருக்கு ஊர்க்காரர் மொழிபெயர்ப்பதுதான் பயம். அதையும் சட்டத்தரணியிடம் முன்கூட்டியே சொல்லலாம். நேரம் காலம் சொல்வதிலும் இதே தொல்லை. "அது நோன்பு காலம்" என்று நம்மவர் நினைவு வைத்திருப்பார், அதிகாரி இங்கிலீஷ் மாதம் கேட்பார். நோன்பு வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே வரும். 2009இல் நோன்பு ஓகஸ்ட் கடைசியில் தொடங்கியது. அவர் மார்ச் என்று சொல்லியிருந்தால் அங்கே ஒரு முரண்பாடு பிறந்துவிடும். வீட்டிலுள்ள பழைய கலண்டரைப் பார்த்துச் சரியான மாதத்தை அவருக்கு எடுத்துச் சொல்வது நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

மானம் பாதிக்கப்பட்ட சம்பவங்கள் இருந்தால்? பெண்களுக்கு மட்டுமல்ல, தடுப்பில் இருந்த ஆண்களுக்கும் நடந்திருக்கின்றன. மனைவியிடமும் சொல்லாமல் புதைத்து வைத்திருப்பார்கள். அதிகாரியிடம் முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும்; வெட்கத்தால் பிந்திச் சொல்வது இத்தகையவர்களிடம் வழமை என்பதை வைத்தியர் எழுதுவார். கெட்டதைப் பகிரங்கமாகப் பேசுவதை அல்லாஹ் விரும்புவதில்லை, அநீதி இழைக்கப்பட்டவர் மட்டும் அதற்கு விலக்கு என்று சூரா நிஸா கூறுகிறது. நீதி கேட்பவர் தமக்கு நடந்ததைச் சொல்வது புறமும் அல்ல, பாவமும் அல்ல. பெண்களானால் பெண் வைத்தியரையும் பெண் மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். கேட்டால் பெரும்பாலும் ஒழுங்கு செய்வார்கள்.

வைத்தியர் நிச்சயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: உயிரை விட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா? தொழுகையுள்ள மனிதர் "இல்லை" என்று உடனே சொல்லிவிடுவார், ஹராம் என்பதற்காக. தற்கொலை ஹராம் என்பதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் மனத்தில் வந்து போகும் எண்ணத்துக்குக் குற்றம் பிடிக்கப்படாது என்பது நாம் அறிந்த ஹதீஸ். மருந்துக்காக வைத்தியரிடம் அதைச் சொல்வது நோயைச் சொல்வது. மறைத்தால் ஆபத்து வழக்குக்கு மட்டுமல்ல, உயிருக்கும்தான். சகோதரி, தொலைபேசியில் அப்படி ஏதாவது சொன்னால் "ஹராம், வாயை மூடுங்க" என்று முடித்துவிடாதீர்கள். கேளுங்கள். அவருடன் தங்கியிருக்கும் நண்பர் ஒருவரின் இலக்கத்தை வாங்கி வைத்திருங்கள். சட்டத்தரணிக்கு அன்றே சொல்லுங்கள். அறிக்கையோடு நிற்காமல் சிகிச்சையும் எடுக்கச் சொல்லுங்கள். நோய்க்கு மருந்து செய்துகொள்ள நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். ஓதிப் பார்ப்பதும் மாத்திரை விழுங்குவதும் ஒன்றையொன்று தடுப்பதில்லை.

இனி உங்கள் கடிதம். புத்தளத்து உறவினரின் ஆலோசனையைத் தூக்கி எறியுங்கள். மார்க்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், வழக்குக்கே அது நஞ்சு. அவர் வைத்தியரிடம், "சுபஹுக்குப் பிறகு கொஞ்சம் கண்ணயர்வேன்" என்று சொல்லியிருப்பார். நீங்கள் "அவர் ஒரு நாளும் தூங்கியதே இல்லை" என்று எழுதினால், அதிகாரி இரண்டையும் பக்கத்தில் வைப்பார். கூட்டி எழுதிய ஒரு வரி, உண்மையான நாற்பது வரியையும் இழுத்துக்கொண்டு போகும். பள்ளிவாசல் கடிதங்களும் இப்படித்தான். எங்களைப் போன்ற மௌலவிமாரிடமும் நிர்வாகத்தாரிடமும் வந்து, நாங்கள் காணாததைக் கண்டதாகக் கடிதத் தலைப்பில் எழுதித் தரும்படி கேட்கிறவர்கள் உண்டு. ஒரே வாசகத்தில் பத்துப் பேருக்குக் கடிதம் போனால் பதினோராவதாக வரும் உண்மையான மனிதனின் கடிதத்தையும் எவரும் நம்ப மாட்டார்கள். நான் கொடுப்பதில்லை, கோபித்துக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள்.

சாட்சியத்தைக் கூட்டுவது எப்படிக் கூடாதோ, அப்படியே மறைப்பதும் கூடாது. மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்குள்ளாகிறது என்று சூரா பகராவில் இருக்கிறது. ஆகவே வெட்கப்பட்டுக் குறைக்கவும் வேண்டாம். நீங்கள் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள். இரவில் எழுந்து கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்து வந்தாரா, எத்தனை தடவை? பட்டாசு வெடித்தால் என்ன செய்வார்? பிள்ளையைத் தூக்குவதை எப்போது நிறுத்தினார்? வாகனம் ஒன்று வாசலில் நின்றால் முகம் எப்படி மாறும்? இப்போது தொலைபேசியில் பேசும்போது நடுவில் மௌனமாகிவிடுகிறாரா? நாள் ஞாபகமில்லை என்றால் ஞாபகமில்லை என்றே எழுதுங்கள். பிறர் சொன்னது என்றால் யார் சொன்னார் என்று எழுதுங்கள். நோயின் பெயரை நீங்கள் வைக்க வேண்டாம், அதை வைத்தியர் வைப்பார். கணவரிடம் கேட்டுக் கேட்டு எழுதவும் வேண்டாம். இரண்டு பேரின் வார்த்தையும் ஒரே அச்சில் வந்தால் அதுவும் சந்தேகம்தான்.

அவர் இங்கே இருந்த காலத்தில் வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ மனநலப் பிரிவுக்குப் போயிருந்தால் கிளினிக் கொப்பியைத் தேடியெடுங்கள். தடுப்பில் இருந்தபோது செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த அட்டை, மனித உரிமை ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்த துண்டு, அலுமாரியின் அடியில் என்ன இருந்தாலும் பிரதி எடுத்து அனுப்புங்கள். மூலப் பிரதியைக் கையில் வைத்திருங்கள்.

கடிதத்தைத் தமிழிலேயே, உங்கள் கையாலேயே எழுதுங்கள். ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பது அங்குள்ளவர்களின் வேலை. கீழே முழுப்பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், திகதி, கையொப்பம். அடையாள அட்டையின் பிரதியையும் இணைத்துப் பதிவுத் தபாலில் போடுங்கள். கடித உறையைக் கிழித்தெறியாமல் சட்டத்தரணியிடம் கொடுக்கச் சொல்லுங்கள். கடிதம் இலங்கையிலிருந்துதான் வந்தது, இன்ன நாளில்தான் வந்தது என்பதற்கு அதிலுள்ள தபால் முத்திரையையும் அங்கே பார்ப்பார்கள்.

வஸ்ஸலாம்.